வெந்தயம் மணக்கும் தலை

அக்காவுக்கு வெந்தயம்தானா அகப்பட்டது. சீயக்காய் இருக்கிறது, செம்பருத்தி இலை இருக்கிறது, ஒன்றும் இல்லையென்றால் ஒரு ரூபாய் ஷாம்பு பாக்கெட் இருக்கிறது, அதையெல்லாம் விட்டுவிட்டு ராத்திரியே ஊறப்போட்டு அம்மியில் வைத்து அரைத்து, எண்ணெய் வைத்த தலையில் தேய்த்துவிட்டிருக்கிறாள், பிள்ளைக்கு உடம்புச் சூடாம், குளிர்ச்சியாக இருக்குமாம். ரயில் காயல்பட்டினம் தாண்டிவிட்டது, நான் இன்னும் வெந்தயத்தைத் தாண்டவில்லை. கோமு என் தோளில் சாய்ந்திருக்கிறாள். பின்னலை மோந்தால் வெந்தயம், கழுத்தை மோந்தால் வெந்தயம், கடைசியில் காதுக்குள் மூக்கை நுழைத்துப் பார்த்தேன், அங்கேயும் வழிந்து காய்ந்துபோன வெந்தயம். எதிர் சீட்டில் பச்சைச் சேலைக்காரி ஒருத்தி, கோயிலிலிருந்து திரும்புகிறவள் போல, நெற்றி நிறையத் திருநீறு, என்னையே பார்த்துக்கொண்டிருந்தவள் சிரித்தாள். "புள்ள மேல அவ்வளவு ஆசையா?" என்றாள். ஆமாம் என்று நானும் சிரித்துவைத்தேன். வேறென்ன சொல்ல. அம்மா, நான் கொஞ்சவில்லை, மோப்பம் பிடிக்கிறேன், இவள் உடம்புக்குள் விஷம் ஏறினால் முதலில் காதுக் குறும்பியில்தான் மணக்கும், ஒன்பது வருஷமாகத் தினம் காலையில் காபி குடிக்குமுன் இந்தக் காதைத்தான் மோந்து பார்க்கிறேன், இன்று என் அக்கா அதையும் அடைத்துவிட்டாள் என்றா சொல்ல முடியும். இதில் வேடிக்கை, அந்த விஷத்தின் மணமும் வெந்தய மணமும் ஒன்றேதான். கொஞ்சம் காய்ச்சிய வெல்லப்பாகு, கொஞ்சம் வறுத்த வெந்தயம். இந்த நோய்க்கு நமக்குத் தெரியாத ஏதோ ஒரு மரத்துப் பாகின் பேரை வைத்திருக்கிறார்கள் வெள்ளைக்காரர்கள், அவர்கள் வீட்டில் அதுதான் இருந்திருக்கும். எங்கள் பக்கத்தில் கண்டுபிடித்திருந்தால் வெந்தய நோய் என்றுதான் வைத்திருப்பார்கள். அதனாலேயே என் வீட்டில் வெந்தயம் கிடையாது. தோசைக்குப் போடுவதில்லை, குழம்புக்குத் தாளிப்பதில்லை, பக்கத்து வீட்டில் வெந்தயக்குழம்பு கொதித்தால் ஜன்னலைச் சாத்துகிறவள் நான். அக்காவிடம் இதைச் சொல்லியிருக்கிறேனா? எது எதையோ சொன்னேன். பால் கூடாது, தயிர் கூடாது, பருப்பு கூடாது, முட்டை மீன் கறி மூச்சே விடக்கூடாது. தலையில் தேய்ப்பதைப் பற்றி யார் சொல்வார்கள்.

தூங்குகிறாளா, சும்மா கண்ணை மூடியிருக்கிறாளா. எண்ணெய் தேய்த்துக் குளித்தால் யாருக்கும் கண் சொருகும், நானே குளித்த அன்று மத்தியானம் வகுப்பில் பிள்ளைகளை எழுதச் சொல்லிவிட்டு நாற்காலியில் ஆடி விழுவேன். அதுதான். அதுவாகத்தான் இருக்கும். பிளாட்பாரத்தில் நடக்கும்போது காலை இழுத்து இழுத்து வைத்தாளே? புதுச் செருப்பு, அக்கா வாங்கிக் கொடுத்தது, ஒரு அளவு பெரிது. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருக்கிறது, மணத்துக்கு வெந்தயம், தூக்கத்துக்கு எண்ணெய், நடைக்குச் செருப்பு. இத்தனை காரணங்கள் ஒன்றாக வந்து வரிசையில் நிற்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. "கோமு, ஏழெட்டு?" என்றேன். கண்ணைத் திறக்காமல் "அம்பத்தி நாலு" என்றாள். தப்பு. சட்டென்று அவள் முகத்தை நிமிர்த்திப் பார்த்தேன். பிறகு நினைத்துக்கொண்டேன், இவள் எப்போதும் ஏழெட்டு ஐம்பத்து நாலு என்றுதான் சொல்வாள், வாத்திச்சி மகளுக்கு வாய்ப்பாடு வராது என்று பள்ளிக்கூடத்தில் பெரிய டீச்சரே கேலி செய்வார். சரியாகச் சொல்லியிருந்தால் அல்லவா பயப்பட வேண்டும். இப்படி எனக்கு நானே சமாதானம் சொல்லி முடிப்பதற்குள் இன்னொன்று கிளம்பியது. எப்போதும் சொல்லிவிட்டு நாக்கைத் துருத்துவாளே, இன்று துருத்தவில்லையே. ஆறுமுகநேரி வந்தது. உப்பளம் வெள்ளையாகக் குவிந்து கிடக்கிறது, மழை வருமுன் தென்னோலை போட்டு மூடிக்கொண்டிருக்கிறார்கள். பார் கோமு, உப்பு, என்றேன். "ம்" என்றாள். பார்க்கவில்லை.

இவளுக்கு முன் பிறந்த மூத்தவனும் பார்க்கவில்லை, அவன் பார்க்கிற வயதுவரை இருக்கவே இல்லை. எட்டாம் நாள் பால் குடிப்பதை மறந்தான். வாயில் வைத்தால் வைத்தபடி இருப்பான், சப்ப வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. சீர் தட்டியிருக்கிறது என்றார்கள், தோஷம் என்றார்கள், யாரோ தீட்டோடு வந்து தொட்டுவிட்டார்கள் என்றார்கள், என் அத்தை, அதாவது என் மாமியார், வேப்பிலையோடு வந்து நின்றாள். ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண்பிள்ளைதான் சொன்னாள், "என்னக்கா, ஒங்க புள்ள மட்டும் அதிரசப் பாகு கணக்கா மணக்கு?" நான் சந்தோஷப்பட்டேன். இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது, சந்தோஷப்பட்டேன். பன்னிரண்டாம் நாள் அவனைத் துணியில் சுற்றிக் கொண்டுபோகும்போதும் அந்த மணம் என் மார்பில் இருந்தது. அதனால்தான் கோமு பிறந்த நாலாம் நாள் அவள் மூத்திரத் துணியை எடுத்து மூக்கில் வைத்தவள் அப்படியே அதைச் சுருட்டிக்கொண்டு, தலைமுடிகூட முடியாமல், டாக்டர் அறைக்கு ஓடினேன். அந்தச் சின்ன வயசு டாக்டர் துணியை வாங்கி மோந்தார், என்னைப் பார்த்தார், மறுபடி மோந்தார். சென்னைக்கு ரத்தம் போயிற்று. பேர் கிடைத்தது. புரதத்தில் இருக்கிற மூன்று சரக்கை உடைத்துச் செலவழிக்க இவள் உடம்புக்குத் தெரியாது, உடைபடாமல் கிடந்து மூளைக்கு ஏறும், அதனால் அந்த மூன்றும் இல்லாத மாவைக் கரைத்துக் கொடுங்கள், மற்றதை எடை போட்டுக் கொடுங்கள், ஆயுசு முழுக்க. நீங்களும் உங்கள் கணவரும் சொந்தமா என்று கேட்டார். அத்தை மகன் என்றேன். ஒரு காகிதத்தில் கட்டம் போட்டுக் காட்டினார், இரண்டு பேரிடமும் பாதிப் பாதி பழுது இருந்திருக்கிறது, சேர்ந்து பிள்ளைக்கு முழுசாகப் போய்விட்டது. என் வீட்டுக்காரர் அந்தக் காகிதத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "எங்க வீட்டுப் பக்கம் எல்லாரும் திடமாத்தான் சார் இருக்காங்க" என்றார். இப்போது ஓசூரில் கம்பெனி வேலை, மாசம் ஒரு தரம் வருகிறார், வரும்போதெல்லாம் மறக்காமல் ஜவ்வரிசி வாங்கி வருகிறார், அதுவே அவர் சொல்லாத சொல் என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஜவ்வரிசி. அதுதான் இவளுக்கு அரிசி. ஜவ்வரிசிக் கஞ்சி, ஜவ்வரிசி உப்புமா, மரவள்ளி மாவில் தோசை என்ற பேரில் ஒரு வழுக்கல், சோறு என்றால் தராசில் வைத்து நிறுத்த ஒரு கைக்குள் அடங்குகிற சோறு. அப்புறம் அந்த மாவு, கூரியரில் டப்பாவாக வருவது, கரைத்தால் உருளைக்கிழங்கு அவித்த தண்ணீர் இரண்டு நாள் கிடந்தது போல நாறும், அதை இவள் 'என் பால்' என்பாள், மூக்கைப் பிடிக்காமல் குடிப்பாள். அழமாட்டாள், அடம் பிடிக்கமாட்டாள். இவள் பேசிய முதல் முழு வாக்கியமே 'வேண்டாம், எனக்கு ஒத்துக்காது' என்பதுதான். கல்யாண வீட்டில் பக்கத்து இலையில் வடை, பாயாசம், அப்பளம் என்று விழுந்துகொண்டே இருக்கும், இவள் கையைக் குறுக்கே வைத்து வேண்டாம் வேண்டாம் என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். வகுப்பில் யாருக்காவது பிறந்தநாள் என்றால் மிட்டாயை வாங்கி அப்படியே பக்கத்துப் பிள்ளை கையில் வைப்பாள். என்ன அடக்கம், என்ன பொறுமை, பெத்தவ வளர்ப்பு அப்படி என்று பெண்கள் சொல்வார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். வேண்டாம் என்பதில் என் மகளை அடிக்க ஆள் கிடையாது. ஆனால் எனக்கு ஒருநாள், ஒரே ஒருநாள், இவள் எதையாவது பிடுங்கித் தின்பதைப் பார்க்க வேண்டும் என்று இருக்கும். புதனும் வியாழனும் எனக்கு ஆசிரியர் பயிற்சி, போகாவிட்டால் விளக்கம் கேட்டு ஓலை வரும், அத்தைக்குக் கண் தெரியவில்லை, அதனால்தான் திருச்செந்தூரில் அக்கா வீட்டில் விட்டேன். செண்பகம் அக்காவுக்குப் பிள்ளை இல்லை. கோமு என்றால் உயிர். மாவை எப்படிக் கரைப்பது, எப்போது கொடுப்பது என்று இரண்டு தடவை செய்து காட்டினேன், அவளும் தலையாட்டினாள். இன்று கூட்டிக்கொண்டு கிளம்பும்போது கேட்டேன், "எல்லாம் ஒழுங்கா குடிச்சாளா?" அக்கா, "தங்கம்ளா ஒன் மக. ஒண்ணுக்கும் ஒரு பாடு படுத்தல" என்றாள். முகம் வாடிப்போய் இருந்தாள். சஷ்டி விரதம், அவளுக்கு இது நாலாவது நாள், ஒருவேளைகூடச் சோறு இல்லை, துளசித் தண்ணீரும் ராத்திரி ஒரு பழமும். ரயிலுக்கு நேரமாகிவிட்டது, நான் மேற்கொண்டு கேட்கவில்லை. ஒன்றுக்கும் பாடு படுத்தவில்லை. அது பதிலா அது? குடித்தாளா என்று கேட்டால் குடித்தாள் என்றல்லவா சொல்ல வேண்டும்.

குரும்பூர் தாண்டியதும் வாழைத்தோட்டம் ஆரம்பித்துவிட்டது. மத்தியானப் பாலுக்கு நேரம்தான். டப்பாவை எடுத்துக் குலுக்கிக் கரைத்தேன், அந்த நாற்றம் கிளம்பியதும் பச்சைச் சேலைக்காரி முந்தானையை மூக்கருகே கொண்டுபோனாள், பிறகு என் முகத்தைப் பார்த்துக் கழுத்தைத் துடைப்பது போலப் பாவனை செய்தாள். நல்ல பொம்பிளைதான். "கோமு, பால்." தலையை ஆட்டினாள். "எந்திரி, குடிச்சிட்டுத் தூங்கு." "வேண்டாம்மா." இதுவரை, பிறந்ததிலிருந்து இதுவரை, எல்லாவற்றுக்கும் வேண்டாம் சொன்ன பிள்ளை இதற்கு மட்டும் சொன்னதில்லை. "ஏன், வயிறு வலிக்கா?" "இல்ல." "குமட்டுதா?" "இல்லம்மா." பச்சைச் சேலைக்காரி பையைத் துழாவி ஒரு பொட்டலத்தை நீட்டினாள். "புள்ள வாடிக் கெடக்கே, இந்தச் சுண்டல ரெண்டு வாயி குடுங்க, முருகன் பிரசாதம், வாய்க்கு ருசியா இருந்தா எந்திரிச்சிரும்." சுண்டல்! பிரசாதமாக வந்தாலும் அது கடலை. நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அப்போது கோமு கண்ணைத் திறந்து, அந்த அம்மாளைப் பார்த்து, மரியாதையாகவே சொன்னாள், வார்த்தை கொஞ்சம் குழறியது, "வேண்டாம் பாட்டி. நான் விரதம்."

அந்த அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "ஏ அப்பா, இத்துணூண்டு புள்ள!" என்றாள். எனக்கு ரயில் சத்தம் கொஞ்ச நேரம் கேட்கவில்லை. விரதம். எப்போதிலிருந்து என்றேன். நேற்றுக் காலையிலிருந்து என்றாள். என்ன சாப்பிட்டாய். ராத்திரி ஒரு பழம். பால்? அதைச் சுவரோரம் தென்னைக்கு ஊற்றியாயிற்று. நேற்றுக் காலை என்றால், நேற்றுக் காலை என்றால். எனக்குக் கணக்குப் போட வரவில்லை, ஏழெட்டு எவ்வளவு என்று என்னைக் கேட்டால் நானும் உளறியிருப்பேன். டாக்டர் முதல் வருஷமே சொன்னது, அதைத் தமிழிலும் சொல்லி என் கையைத் தட்டியும் சொன்னது, "சாப்பாடு கொடுக்காதீர்கள் என்று நான் சொல்வதை மட்டும் பிடித்துக்கொள்ளாதீர்கள் அம்மா. பட்டினி போட்டால் உடம்பு தன் சதையையே எடுத்துத் தின்னும். சதையும் புரதம்தான். இந்தப் பிள்ளை ஒருநாள் பட்டினி கிடப்பதும் கிடா விருந்து தின்பதும் ஒன்று." ஊரில் காய்ச்சல் என்றால் வயிற்றைக் காயப்போடு என்பார்கள், வாந்தி என்றால் காயப்போடு என்பார்கள், நான் மட்டும் காய்ச்சல் வந்தால் இவளுக்குச் சர்க்கரைத் தண்ணீரை ஊற்று ஊற்று என்று ஊற்றுவேன், பார்க்கிறவர்கள் பைத்தியம் என்பார்கள். நேற்றிலிருந்து என் பிள்ளை தன்னைத்தானே தின்றுகொண்டிருக்கிறாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து வெந்தயத்தை வைதுகொண்டிருக்கிறேன்.

அக்காவுக்குப் போன் போட்டேன். எடுத்ததும் "ஏளா, ஏறிட்டீங்களா? எடம் கெடச்சுதா?" என்றாள். "கோமு விரதம் இருந்தாளா?" திரும்பக் கேட்டேன். "அக்கா!" "அது... புள்ளயாத்தான் ஆசப்பட்டா வடிவு. நானா சொல்லல. முருகன் மேல ஆணையா நானா சொல்லல. நானும் இருக்கேன் பெரியம்மான்னா. பாலும் பருப்பும்தான அவளுக்கு விஷம், ஒண்ணுமே திங்காம கெடந்தா நல்லதுதானேன்னு நெனச்சேன். நீதான சொல்லுவ, திங்கதுதான் அவளுக்கு ஆபத்துன்னு." நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது. அறிவு கெட்டவளே என்றேன், அது தெரியும். பிள்ளை பெற்றிருந்தால் தெரிந்திருக்கும் என்றும் சொல்லிவிட்டேன். பெட்டி முழுக்க எங்களைப் பார்க்கிறது. நான் போனை வைத்துவிட்டுப் பையைக் கவிழ்த்தேன். குளுக்கோஸ் டப்பா, எப்போதும் இருப்பது, எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் எந்தத் துக்கத்துக்குப் போனாலும் இருப்பது, இருந்தது. தண்ணீர் பாட்டிலில் கொட்டிக் குலுக்கினேன். யோசிக்காதே, கொடு, பிறகு ஆஸ்பத்திரிக்கு ஓடு, இதுதான் எனக்குச் சொல்லப்பட்ட மந்திரம். எங்கள் ஊர் ஜங்ஷனில் இறங்கி ஆட்டோ பிடித்தால் ஐந்தே நிமிஷத்தில் ஆஸ்பத்திரி, அங்கே இவள் நரம்பு எந்தக் கையில் எங்கே ஓடுகிறது என்றுகூட நர்சுக்குத் தெரியும், ட்ரிப் ஏற்றிவிடுவார்கள். ஆனால் இன்னும் நாசரேத்தே வரவில்லை. ஜங்ஷன் முக்கால் மணி நேரம். நடுவில் இறங்கினால் எந்த ஆஸ்பத்திரியில் போய் இதை முதலிலிருந்து விளக்குவது, அவர்கள் பால் கொடுங்கள் தெம்பு வரும் என்பார்கள். அதுவரைக்கும் இந்தப் பாட்டில்தான். இதற்குள் அவள் தூங்கிவிட்டால், எழுப்பினாலும் எழாத அந்தத் தூக்கத்துக்குள் போய்விட்டால், பிறகு வாயில் எதையும் ஊற்றக்கூடாது, புரை ஏறிவிடும். முழித்திருக்கும்போதே, அவளாக, விழுங்க வேண்டும்.

"குடி" என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டாள். "சர்க்கரைத் தண்ணிதான். காய்ச்சல்ல குடிப்பல்லா, அது." தலையை ஆட்டினாள். நாடியைப் பிடித்து வாயைத் திறக்கப் பார்த்தேன், பிடித்த கையை எடுத்தேன், அடிக்கக்கூட ஓங்கினேன் போல, பச்சைச் சேலைக்காரி "ஐயோ விரதப் புள்ளய அடிக்காதீங்க" என்று குறுக்கே கை நீட்டினாள். நாசரேத் வந்து நின்றது, யாரோ முறுக்கு விற்றார்கள், யாரோ இறங்கினார்கள், நான் பாட்டிலைப் பிடித்தபடி மகளின் காலடியில் மண்டிபோட்டிருந்தேன். "ஏன் கோமு? அம்மாட்ட சொல்லு. ஏன் கண்ணு வேண்டாம்ங்க?" அவளுக்கு அழுகை வந்தது. அது எனக்கு எவ்வளவு நிம்மதி, அழுகிற பிள்ளை முழித்திருக்கிற பிள்ளை. "பெரியம்மா எனக்காகத்தான் விரதம் இருக்கா. எனக்கு நோவு போகணும்னு. அவளுக்குத் தல சுத்திச்சு, நேத்து அடுப்படில விழப் பாத்தா. எனக்காக அவ சாப்பிடாம கெடக்கா, நான் மட்டும் பால் குடிச்சா எப்படிம்மா? நான் இப்ப குடிச்சேன்னா பெரியம்மா இருந்தது எல்லாம் வீணாப் போயிரும்லா?"

எனக்கு அக்கா வீட்டு அடுப்படி தெரிந்தது. நேற்று நான் பயிற்சியில் உட்கார்ந்து யாரோ ஒரு அதிகாரி பேசியதைக் கேட்டுக் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த நேரத்தில், அங்கே இரண்டு பேர், ஒருத்திக்காக ஒருத்தி, காய்ந்த வாயோடு உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். எனக்காக யாரும் அப்படி இருந்ததில்லை, அப்படிக்கூடத் தோன்றியது, அந்த நேரத்தில் மனசு எவ்வளவு கேவலமாக எங்கெல்லாம் போகிறது. இவளிடம் என்ன பேசுவது. டாக்டர் போட்ட கட்டத்தையா, உடம்பு தன்னைத் தின்னும் கதையையா. முருகன் கோபிக்கமாட்டார் என்று சொல்லலாம், நான் சொன்னால் நம்பமாட்டாள், நான் பொங்கலுக்குக்கூடக் கோயிலுக்குப் போகாதவள். கண் மறுபடி சொருகுகிறது. உலுக்கினேன். திறந்தாள், மூடினாள். மறுபடி போன் போட்டேன். மணி அடிக்கிறது, எடுக்கவில்லை. எப்படி எடுப்பாள், நான் சொன்ன சொல்லுக்கு. இரண்டாம் தடவை எடுத்தாள், மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது. ஸ்பீக்கரில் போட்டேன். "அக்கா, நான் சொன்னத மனசுல வைக்காத, அப்புறம் என்னச் செருப்பால அடி. இப்ப நான் சொல்லுதத மட்டும் கேளு. வீட்ல சாப்பிட என்ன இருக்கு?" "எதுக்கு?" "சொல்லுக்கா." "அத்தானுக்குச் செஞ்ச இட்லி இருக்கு. எதுக்குளா?" "எடுத்துத் தின்னு. இப்பமே. கோமு கேக்கணும்."

அவள் புரிந்துகொள்ள எவ்வளவு நேரம் எடுத்தாள் என்று தெரியாது. ரயில் ஆற்றுப் பக்கம் வந்துவிட்டது, காற்று குளிர்ந்தது, சிக்னல் ஒரு கோடு வருவதும் போவதுமாக இருந்தது, போய்விடாதே போய்விடாதே என்று அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினாறு வருஷமாக இருக்கிறாள் இந்த விரதத்தை. முதலில் தனக்கொரு பிள்ளை வேண்டும் என்று இருந்தாள், கர்ப்பம் இரண்டு தடவை தங்காமல் போயிற்று, மலடி என்று வாய்கூசாமல் சொன்னவர்கள் முன்னால் போய் நின்று விரதம் இருந்தாள். கோமு பிறந்த வருஷத்திலிருந்து வேண்டுதலை மாற்றிக்கொண்டுவிட்டாள். காய்ச்சலோடு இருந்திருக்கிறாள், ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து இருந்திருக்கிறாள், ஒரு வருஷமும் முறித்ததில்லை. இன்னும் இரண்டே நாள்தான் சூரசம்ஹாரத்துக்கு. "ஏளா வடிவு," என்றாள், "நடுவுல முறிச்சா புள்ளைக்கு எதுவும் ஆயிருமோன்னு பயமா இருக்குளா." "முறிக்கலன்னா ஆயிரும் அக்கா," என்றேன். "கோமுக்குப் பேச்சு கொழறுது." பாத்திரம் நகர்கிற சத்தம் கேட்டது. தட்டு விழுந்தது. "முருகா, என்னக் கேளு, எங்கிட்ட கேளு, அந்தப் புள்ளைட்ட கேக்காத" என்று அவள் வாய்க்குள் சொன்னது எனக்குக் கேட்டது, கோமுவுக்கும் கேட்டிருக்கும், கண்ணைத் திறந்துவிட்டாள். பிறகு மெல்லுகிற சத்தம். காய்ந்த வாயில் காய்ந்த இட்லியை மெல்லுகிற சத்தம். விக்கியது. தண்ணீர் குடித்தாள்.

கோமு போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பெரியம்மா, நெசமா சாப்பிடுதியா?" "சாப்பிடுதேன்டி என் ராசாத்தி." "முழுங்கிட்டியா?" "முழுங்கிட்டேன்." "வயித்துக்குள்ள போயிட்டா?" "போயிட்டுட்டி, போயிட்டு. இனிமே எனக்கு விரதம் இல்ல, ஒனக்கும் இல்ல. நீ குடிளா, குடி தங்கம்." கோமு என்னைப் பார்த்தாள். பாட்டிலை வாயருகே கொண்டுபோனேன், இந்தத் தடவை பல் திறந்தது. ஒரு மடக்கு. தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்தேன், உலகத்தில் அதைவிடப் பார்க்க வேண்டியது எனக்கு வேறொன்றும் இல்லை. பாட்டிலைத் தள்ளிவிட்டு, "இன்னொரு வாய் எடு பெரியம்மா" என்றாள். அந்தப் பக்கம் மெல்லும் சத்தம். இவள் இன்னொரு மடக்கு. அவள் ஒரு வாய், இவள் ஒரு மடக்கு. ஆழ்வார்திருநகரி போயிற்று, ஸ்ரீவைகுண்டம் போயிற்று, பச்சைச் சேலைக்காரி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுகிறாள், நானும் அழுகிறேன் போலிருக்கிறது, கை மட்டும் பாட்டிலைச் சாய்ப்பதும் நிமிர்த்துவதுமாக இருந்தது. இது போதுமா, நேரத்துக்குத்தான் உள்ளே போகிறதா, ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும், நாளைக்கு இவள் எழுந்து நடக்கும்போதுதான் தெரியும். இப்போதைக்கு நடுவில் கண் சொருகினால் கோமுவே உதறிக்கொண்டு, போனைப் பார்த்து, "ம், அடுத்தது" என்கிறாள். செய்துங்கநல்லூர் வரும்போது அந்தப் பக்கம் சத்தம் நின்றுவிட்டது. "பெரியம்மா?" என்றாள் கோமு. "ஏட்டி, இட்லி தீந்து போச்சு," என்றாள் அக்கா, மூச்சு வாங்கியது, நாலு நாள் காய்ந்த வயிறு, வலித்திருக்கும். "பாட்டில்ல இன்னும் எவ்வளவு கெடக்கு?" கோமு பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "பாதி கெடக்கு பெரியம்மா." "அப்படியா. சரி, போன வச்சிராத. சோத்துப் பானையத் தொறக்கேன், இரு."